விண்வெளிக்குப் போய் வந்தவரின் இரத்தத்தில் கதிர்வீச்சை எண்ணுவது எப்படி?

விண்ணிலிருந்து வரும் கதிர்வீச்சுக்குப் பயந்து ஒளிந்துகொள்ள ஓர் ஊர் தேடினால், கொழும்பு நல்ல தெரிவு. ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. சூரியனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் மின்னேற்றமுள்ள துணிக்கைகளைப் பூமியின் காந்தப்புலம் வளைத்துத் திருப்பிவிடுகிறது. துருவங்களுக்கு அருகில் இந்தத் தடுப்பு பலவீனமானது. காந்த நடுக்கோட்டை நெருங்க நெருங்க அது பலம் கூடுகிறது. அதிலும் தென்னிந்தியா, இலங்கை, தாய்லாந்து என்று நீளும் பகுதியில்தான் உலகிலேயே மிகப் பலமாக இருக்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரைக்கு நேர் மேலிருந்து உள்ளே வர ஒரு புரோத்தனுக்கு 15 ஜிகா இலத்திரன்வோல்ட்டுக்கும் (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு அது) மேற்பட்ட சக்தி வேண்டும். அவ்வளவு சக்தி இல்லாதவை விலகிப் போய்விடும்.

இதை முதலில் கவனித்தவர் யாகோப் கிளே என்ற டச்சு இயற்பியலாளர். 1920களின் பிற்பகுதியில் அவர் நெதர்லாந்துக்கும் ஜாவாவுக்கும் இடையே கப்பலில் போய்வந்தபோது விண்கதிர்களை அளந்துகொண்டே போனார். ஐரோப்பாவில் கூடுதலாக இருந்த அளவு, நம் பக்கத்துக் கடல்களுக்கு வரும்போது குறைந்தது. போதாததற்கு நம் தலைக்கு மேலே காற்றும் இருக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கு மேலும் ஏறத்தாழ 1 கிலோகிராம் காற்று நிற்கிறது. 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குக் கீழே இருப்பதற்கு இது சமம். ஆகவே கொழும்பில் இருப்பவருக்கு விண்கதிர் ஒரு கவலையே இல்லை. நமக்குக் கிடைக்கும் இயற்கைக் கதிர்வீச்சில் பெரும்பகுதி மண்ணிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் வருகிறது. பேருவளைக் கரையோர மணலில் தோரியம் கலந்த மொனசைட் இருப்பது பலருக்குத் தெரிந்த விஷயம்தான்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவருக்குக் காற்று என்ற கவசம் கிடையாது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய கோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் 51.6 பாகை வரை போய்வரும் பாதை அது. காந்தக் கவசம் மட்டும் பாதிக்குப் பாதி உதவுகிறது. நிலையம் நம் பகுதியைக் கடக்கும் சில நிமிடங்களில் உள்ளே இருக்கும் கருவிகள் குறைந்த அளவைக் காட்டும். கனடா பக்கமோ ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயோ போகும்போது அளவு ஏறும். சந்திரனுக்கோ செவ்வாய்க்கோ போகிறவருக்கு இந்த அரைக் கவசமும் இல்லை.

உயர்தர வகுப்பில் உயிரியல் படிப்பிக்கும்போது இந்தப் பகுதி வந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "மிஸ், ஒரு மீட்டரைச் சட்டையில் குத்தி அனுப்பிவிட்டால் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று தெரிந்துவிடுமே, அப்புறம் எதற்கு இரத்தம் எடுக்கிறார்கள்?" நல்ல கேள்வி. மீட்டரும் குத்தித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் மீட்டர் சொல்வது ஒன்று, நாம் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

முதலில், மேலே என்னதான் இருக்கிறது? மூன்று வகை.

முதலாவது, பூமியின் காந்தப்புலம் சில துணிக்கைகளைத் திருப்பிவிடுவதோடு நிற்பதில்லை, சிலவற்றைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. இவைதான் 1958இல் கண்டறியப்பட்ட வான் அலன் பட்டைகள். தென் அத்திலாந்திக் கடலுக்கும் பிரேசிலுக்கும் மேலே உட்பட்டை கீழே தொங்குகிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது ஹபிள் தொலைநோக்கி தன் கருவிகளை நிறுத்திவைப்பது வழக்கம். விண்வெளி நிலையமும் ஒரு நாளில் பல தடவை இதற்குள் நுழைந்து வெளியேறுகிறது.

இரண்டாவது, சூரியன் திடீரென்று கக்கும் புரோத்தன்கள். எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 1972 ஓகஸ்டில் மிகப் பெரிய சூரியப் புயல் ஒன்று வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அப்பல்லோ 16 திரும்பியிருந்தது, டிசம்பரில் அப்பல்லோ 17 போகவிருந்தது. நடுவில் யாரும் சந்திரனில் நின்றிருக்கவில்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் நம் கதைக்கு முக்கியம்: நமது விண்மீன் மண்டலத்தில் எங்கோ வெடித்த நட்சத்திரங்களிலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிய வேகத்தில் வரும் அணுக்கருக்கள். இவற்றில் பெரும்பாலானவை புரோத்தன்கள், நூற்றில் பன்னிரண்டு அளவுக்கு ஹீலியம் கருக்கள், கனமான கருக்கள் நூற்றில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றைக் குறைவாக எடைபோடக் கூடாது. ஒரு துணிக்கை போகும் வழியில் விட்டுச்செல்லும் சக்தி அதன் மின்னேற்றத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரும்புக் கருவில் 26 புரோத்தன்கள். ஆகவே அதே வேகத்தில் போகும் ஒரு புரோத்தனைப் போல 676 மடங்கு சக்தியை அது தன் வழிநெடுக இறக்கிவிட்டுப் போகிறது. அந்த வழியில் நம் உடலின் ஒரு கலம் இருந்தால் அதன் கதி என்னவென்று ஊகிக்கலாம்.

இப்போது மீட்டருக்கு வருவோம். கொழும்பில் எந்தப் பெரிய வைத்தியசாலையிலும் எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவரின் சட்டையில் ஒரு சிறிய பட்டை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அளப்பதற்கு அனுப்புவார்கள். ஒருகொடவத்தையில் இருக்கும் இலங்கை அணுசக்தி சபை இந்தச் சேவையைச் செய்கிறது. இத்தகைய பட்டைகளில் லிதியம் புளோரைட்டு போன்ற ஒரு பளிங்கு இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அதன் சக்தியில் ஒரு பகுதியைப் பளிங்கு பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் அதை ஒளியாக வெளியே விடும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர்வீச்சு. விண்வெளி வீரரும் இதே வகைப் பட்டையைத்தான் அணிகிறார். கூடவே ஒரு பிளாஸ்டிக் துண்டும் வைப்பார்கள், மூக்குக்கண்ணாடி வில்லைகள் செய்யப் பயன்படும் சி.ஆர்-39 என்ற அதே பிளாஸ்டிக். கனமான கரு ஒன்று அதற்குள் பாய்ந்தால் தடம் விழும். பிறகு காரக் கரைசலில் ஊறவைத்தால் அந்தத் தடம் குழியாகப் பெரிதாகி நுணுக்குக்காட்டியில் தெரியும்.

பட்டை தோலுக்கு வெளியே இருக்கிறது, ஈரலும் எலும்பு மச்சையும் உள்ளே இருக்கின்றன. உள்ளே எவ்வளவு போனது? இதற்காக மனித உருவப் பொம்மைகளையே மேலே அனுப்பியிருக்கிறார்கள். 2004இல் மாத்ரோஷ்கா என்ற பொம்மை விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டது. 2022இல் ஆட்கள் இல்லாமல் சந்திரனைச் சுற்றிவந்த ஆர்ட்டெமிஸ் 1 விண்கலத்தில் ஹெல்கா, சோஹர் என்று இரண்டு பெண் உருவங்கள் போயின. எலும்பு, நுரையீரல், மென்திசு ஆகியவற்றின் அடர்த்திக்கு ஏற்றபடி செய்த 38 துண்டுகளை அடுக்கி, நடுநடுவே ஆயிரக்கணக்கான உணரிகளைப் பதித்துச் செய்தவை அவை. சோஹருக்கு மட்டும் கதிர்க்கவச அங்கி அணிவித்திருந்தார்கள்.

சரி, இத்தனை கருவிகளும் எதை அளக்கின்றன? ஒரு கிலோகிராம் உடலில் எத்தனை யூல் சக்தி இறங்கியது என்பதை. ஒரு கிலோகிராமுக்கு ஒரு யூல் என்றால் அது 1 கிரே. பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும். ஆனால் இங்கேதான் விசித்திரம் தொடங்குகிறது.

முழு உடலிலும் ஒரே தடவையில் 4 கிரே பட்டால், சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்துபோவார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது மொத்தம் 280 யூல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சூடான பிளேன்டீயில் ஒரே ஒரு சின்ன மிடறு உடம்புக்குள் கொண்டுபோகும் வெப்பமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உடல் வெப்பநிலை ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உயரும். அதே சக்தி தேநீராக வந்தால் ஒன்றுமில்லை, கதிர்வீச்சாக வந்தால் உயிர் போகிறது. சக்தியின் அளவைவிட, அது எங்கே, எவ்வளவு நெருக்கமாக இறங்குகிறது என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. தேநீரின் வெப்பம் எல்லா மூலக்கூறுகளுக்கும் பங்கிடப்படுகிறது. கதிர்வீச்சு சில மூலக்கூறுகளை மட்டும் தேர்ந்து உடைக்கிறது. அந்தச் சிலவற்றில் டி.என்.ஏ. இருந்துவிட்டால் பிரச்சினை.

கதிர்வீச்சு வகைகளுக்கிடையேயும் இதே வித்தியாசம் உண்டு. எக்ஸ்ரே கலத்தில் ஆங்காங்கே சிதறிச் சிதறிச் சக்தியை விடும். டி.என்.ஏ.யின் இரட்டை இழையில் ஓர் இழை இங்கே அறும், இன்னொன்று வேறெங்கோ அறும். எதிர் இழையைப் பார்த்துக் கலம் அதைத் திருத்திவிடும். கனமான கரு பாயும்போது மிகக் குறுகிய இடத்தில் பல உடைவுகள் ஒன்றாக விழும். இரண்டு இழைகளும் அறும், அருகிலுள்ள மூலங்களும், அதாவது டி.என்.ஏ.யின் எழுத்துகளும், சிதையும். பார்த்துத் திருத்த எதிர் இழை சரியாக இல்லை. கலம் அப்போதும் ஒட்டிவிடத்தான் பார்க்கும். தப்பாக ஒட்டும்.

இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்கத்தான் சீவர்ட் என்ற அலகு. கிரே அளவை ஒரு தரக்காரணியால் பெருக்கினால் சீவர்ட் வரும். எக்ஸ்ரேக்கும் காமா கதிருக்கும் காரணி 1. துணிக்கை விட்டுச்செல்லும் சக்தி நெருக்கமாக நெருக்கமாக அது ஏறும், உச்சத்தில் ஏறத்தாழ 30 வரை போகும், அதற்குப் பிறகு இறங்கும். ஏன் இறங்குகிறது என்றால், ஒரு கலத்தைச் சாகடிக்கத் தேவையானதற்கு மேலும் சக்தி கொட்டினால் அது வீண். செத்த கலம் இன்னொரு தடவை சாகப் போவதில்லை, புற்றுநோயாக மாறப் போவதுமில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் இது எப்போதும் தவறவிடப்படுகிறது. எந்தக் கருவியும் சீவர்ட்டை நேரடியாக அளப்பதில்லை. கருவி தருவது சக்தி, தடம், துணிக்கைகளின் எண்ணிக்கை. அதன் மேல் நிபுணர் குழுக்கள் கூடி முடிவுசெய்த காரணியைப் போட்டுப் பெருக்கி வருவதுதான் சீவர்ட். அந்தக் காரணியோ எலிகளிலும் ஆய்வுகூடக் கலங்களிலும் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. இரும்புக் கரு மனித உடலில் பல மாதங்களுக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கினால் புற்றுநோய் எவ்வளவு கூடும் என்பதற்கு மனிதர்களிடமிருந்து நேரடித் தரவு போதிய அளவு இல்லை. கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் கிடைத்தது. அவர்களுக்குக் கதிர்வீச்சு பட்டது ஒரே கணத்தில், அதுவும் பெரும்பாலும் காமா கதிர். இதுவரை விண்வெளிக்குப் போனவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் சில நூறு பேர்தான். அவர்களோ பொறுக்கி எடுத்த ஆரோக்கியசாலிகள். அவர்களில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று எண்ணி முடிவுக்கு வர முடியாது.

ஆகவே உடலையே கேட்க வேண்டியிருக்கிறது. உடலில் யாரைக் கேட்பது? இரத்தத்தில் உள்ள நிணநீர்க் குழியங்களை, அதாவது வெண்குழியங்களில் ஒரு வகையை. இந்தத் தெரிவுக்குக் காரணங்கள் உண்டு. அவை உடல் முழுக்கச் சுற்றி வருகின்றன, ஆகவே எல்லா இடத்திலும் பட்டதன் சராசரியைத் தாங்கி நிற்கின்றன. நீண்ட காலம் வாழ்கின்றன. பெரும்பாலான நேரம் இரண்டாகப் பிரியாமல் சும்மா இருக்கின்றன, ஆகவே டி.என்.ஏ.யைச் சுருட்டி வைத்திருக்கும் நிறமூர்த்தங்களில் நேர்ந்த சேதம் அப்படியே கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையை நீட்டினால் எடுத்துவிடலாம். மூளையிலிருந்தோ ஈரலிலிருந்தோ திசுத் துண்டு கேட்டால் எந்த வீரரும் சம்மதிக்க மாட்டார்.

1962இலேயே பெண்டர், கூச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நிறமூர்த்தச் சேதத்தை எண்ணிக் கதிர்வீச்சை மதிப்பிடலாம் என்று முன்வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இரத்தமே விண்வெளிக்குப் போனது. 1965 மார்ச்சில் பறந்த ஜெமினி 3 விண்கலத்தில் அடைத்து வைத்திருந்த இரத்தத்தை, பறக்கும்போதே கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசு-32 கொண்டு தாக்கினார்கள். தரையிலும் அதே நேரத்தில் அதே சோதனை. எடையின்மையும் கதிர்வீச்சும் சேர்ந்தால் சேதம் கூடுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். கூடியது போலத் தெரிந்தது. 1966 செப்டெம்பரில் ஜெமினி 11இல் திரும்பச் செய்தபோது அப்படித் தெரியவில்லை. எடையின்மை இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்ற வாதம் அதற்குப் பிறகும் நீண்டது.

இன்றைய முறைக்கு வருவோம். வீரர் புறப்படுவதற்கு முன்பே அவரிடம் இரத்தம் எடுத்துவிடுவார்கள். ஒரு பகுதியை அப்படியே பரிசோதிப்பார்கள். பூமியில் வாழும் நம் எல்லோருடைய இரத்தத்திலும் உடைந்து மாறி ஒட்டிய நிறமூர்த்தங்கள் கொஞ்சம் உண்டு. வயது ஏற ஏறக் கூடும், புகைபிடிப்பவரிடம் இன்னும் கூடும். அவருடைய தொடக்கக் கணக்கு என்ன என்று தெரியாமல், பிறகு வருவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மீதி இரத்தத்தைப் பல பங்காக்கி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு காமா கதிரை ஆய்வுகூடத்தில் செலுத்துவார்கள். இத்தனை கிரேக்கு இத்தனை சேதம் என்று அந்த ஒரு மனிதருக்கே உரிய வரைபு ஒன்று கிடைக்கும். ஒரே அளவு கதிர்வீச்சு பட்டாலும் ஆளுக்கு ஆள் சேதம் வித்தியாசப்படுகிறது என்பதால்தான் இந்தச் சிரமம்.

வீரர் திரும்பி வந்ததும் மறுபடி இரத்தம். நிறமூர்த்தம் தனித்தனியாக நுணுக்குக்காட்டியில் தெரிவது கலம் பிரியும்போது மட்டும்தான் என்று சாதாரண தரத்திலேயே படித்திருப்பீர்கள். சும்மா இருக்கும் நிணநீர்க் குழியத்தைப் பிரிய வைக்க ஒரு தூண்டுபொருள் வேண்டும். அதற்குப் பயன்படும் புரதம் சிவப்பு அவரை விதையிலிருந்து எடுப்பது. அந்தச் செடியும், நாம் தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கும் போஞ்சிச் செடியும் ஒரே இனம். 1960இல் பீட்டர் நோவெல் இந்த விளைவைக் கண்டறிந்த பிறகுதான் மனித நிறமூர்த்தங்களைப் பற்றிய ஆய்வே வேகம் பிடித்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் அளவுக்கு உடல் வெப்பநிலையில் வளரவிட்டு, பிரிவு நடுவில் நிற்கும் கட்டத்தில் ஒரு மருந்தால் அதை நிறுத்தி, உப்புக் குறைந்த கரைசலில் கலங்களை ஊதவைத்து, கண்ணாடித் தட்டில் சொட்டினால் நிறமூர்த்தங்கள் பரந்து கிடக்கும்.

அப்புறம் வர்ணம் தீட்டுதல். 23 சோடிகளில் மூன்று சோடிகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் ஒளிரும் சாயத்தை ஏற்றுவார்கள். நாசா ஆய்வுகூடங்களில் வழக்கமாக 1ஆம், 2ஆம், 4ஆம் நிறமூர்த்தங்கள். இந்த மூன்றும் மொத்த டி.என்.ஏ.யில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சாயம் சும்மா பூசப்படுவதில்லை. அந்தந்த நிறமூர்த்தத்தின் வரிசைக்குப் பொருந்தும் டி.என்.ஏ. துண்டுகளில் சாயத்தைக் கட்டி அனுப்புகிறார்கள், அவை தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆரோக்கியமான கலத்தில் ஒவ்வொரு நிறமும் தலை முதல் கால் வரை முழுதாக இருக்கும். ஒரு நிறமூர்த்தம் பாதி பச்சையாகவும் பாதி சாயமில்லாமலும் இருந்தால், இரண்டு நிறமூர்த்தங்கள் உடைந்து தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். அதை எண்ண வேண்டும். ஒரு கலத்தில் இல்லை, ஒரு வீரருக்கு ஆயிரக்கணக்கான கலங்களில். கண் நோகும் வேலை. இப்போது படக்கருவியும் கணினியும் தேடிக் கொடுக்கின்றன, முடிவு சொல்வது இன்னும் பழகிய ஒருவரின் கண்தான் என்பது பல ஆய்வுகூடங்களின் வழக்கம்.

தப்பாக ஒட்டியதில் இரண்டு முக்கிய வகை உண்டு. ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் பிரிவின்போது பிடித்து இழுக்க ஓர் இடுப்பு இருக்கிறது. சில சமயம் இரண்டு இடுப்புள்ள துண்டுகள் ஒன்றாக ஒட்டிவிடும். கதிர்வீச்சைத் தவிர வேறெதனாலும் இது வருவது அரிது, சாதாரணமாக ஆயிரம் கலங்களில் ஒன்று அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே அணுமின் நிலைய விபத்துகளில் முதலில் தேடுவது இதைத்தான். குறை என்னவென்றால், பிரியும்போது இரண்டு பக்கமும் இழுபட்டுக் கலம் அழிந்துவிடும், ஆகவே மாதக்கணக்கில் இந்தச் சாட்சி மறைந்துகொண்டே போகும். மற்றது, ஆளுக்கொரு இடுப்போடு துண்டுகளை ஒழுங்காக மாற்றிக்கொண்ட வகை. கலத்துக்கு உடனே ஆபத்தில்லை, பல ஆண்டுகள் நிலைக்கும். ஆறு மாதப் பயணத்துக்குப் பிறகு எண்ணுவதற்கு இரண்டாவதுதான் தோது.

எண்ணி முடித்ததும், பயணத்துக்கு முன் இருந்ததைக் கழித்து, மீதியை அவருடைய சொந்த வரைபில் வைத்துப் பார்க்கிறார்கள். இவ்வளவு சேதத்தை உண்டாக்க எவ்வளவு காமா கதிர் வேண்டியிருந்திருக்கும் என்ற விடை கிடைக்கும். இந்த முறையின் அழகு இதில்தான் இருக்கிறது என்பேன். மேலே எந்தக் கரு எத்தனை வந்தது, அதற்கு என்ன காரணி என்று எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. உடலே பெருக்கி முடித்து விடையைத் தந்துவிட்டது.

அந்த விடையும் கருவிகளின் கணக்கும் ஒத்துப்போகின்றனவா? 2008இல் வெளியான நாசாவின் ஆய்வு ஒன்று, விண்வெளி நிலையத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் இருந்து திரும்பிய 19 பேரை எடுத்துக்கொண்டது. கருவிகளையும் கணிப்பையும் வைத்துப் போட்ட கணக்கில் சராசரி 72 மில்லிசீவர்ட் வந்தது. இரத்தத்திலிருந்து வந்த கணக்கு, ஒவ்வொருவரின் சொந்த வரைபைப் பயன்படுத்தினால் காமா கதிருக்குச் சமமாக 85 மில்லிகிரே, எல்லோருக்கும் பொதுவான வரைபைப் பயன்படுத்தினால் 81. இவ்வளவு வேறுபட்ட இரண்டு வழிகளில் போய் இவ்வளவு கிட்ட வந்து நின்றது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் சராசரியைப் பார்த்து மயங்கக் கூடாது, ஆளாளுக்குப் பார்த்தால் எண்கள் நிறையவே சிதறும். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: உறுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்த, தரக்காரணியால் பெருக்கிய கதிர்வீச்சு அளவில் 80 சதவீதமோ அதற்கு மேலோ நட்சத்திரங்களிலிருந்து வந்த கதிர்களால் ஆனது. தென் அத்திலாந்திக் பகுதி அவ்வப்போது கருவிகளை எகிறவைத்தாலும் மொத்தத்தில் அதன் பங்கு சிறியது.

இந்த எண்களுக்கு ஓர் அளவு தெரிய வேண்டுமானால்: உலக சராசரியில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் இயற்கையாகக் கிடைப்பது 2.4 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் குறைவு. கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்குச் சர்வதேசப் பரிந்துரை ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. விண்வெளி நிலையத்தில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை மில்லிசீவர்ட் சேர்கிறது. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் அதன் காந்தப்புலம் வெளிக்கதிர்களைக் கொஞ்சம் தடுப்பதால் இது குறையும். அந்த 19 பேரும் போனது அப்படிப்பட்ட காலத்தில்.

இரத்தம் பொய் சொல்லாது, ஆனால் மறக்கும். சிலருடைய இரத்தத்தில், திரும்பி வந்த பிறகு மாறி ஒட்டிய நிறமூர்த்தங்களின் எண்ணிக்கை மாதங்கள் போகப் போகக் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள், வேறு சிலருக்கு அப்படியே நின்றது. பழைய குழியங்கள் போய்ப் புதியவை வருவது ஆளுக்கு ஆள் வேறு. இதனால் இரண்டாம் தடவை போய் வந்தவரின் கணக்கு முதல் பயணத்தோடு நேராகக் கூடுவதில்லை. ஆகவே வாழ்நாள் மொத்தத்தை எழுதிவைக்க இன்னமும் மீட்டரையும் கணிப்பையும்தான் நம்புகிறார்கள்.

நிறமூர்த்தம் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. இரட்டை இழை அறுந்த இடத்தில் கலம் உடனே ஒரு புரதத்தைக் குறியிடும், அதை ஒளிரவைத்துப் புள்ளி புள்ளியாக எண்ணலாம். ஆனால் திருத்தம் முடிந்ததும் சில மணி நேரத்தில் பெரும்பாலான புள்ளிகள் அழிந்துபோகும், பயணம் முடிந்து வருபவரிடம் தேடிப் பயனில்லை. 2015 முதல் 2016 வரை 340 நாள் மேலே இருந்த ஸ்கொட் கெலியையும், தரையில் இருந்த அவரது இரட்டைச் சகோதரர் மார்க் கெலியையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வந்தது. நிறமூர்த்தங்களின் நுனியில் இருக்கும் டெலோமியர்கள் மேலே இருந்தபோது நீண்டு, இறங்கியதும் விரைவாகக் குறுகின. குறுகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியம். இதைக் கதிர்வீச்சின் வேலை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தலைகீழாகத் திரும்பி ஒட்டிய நிறமூர்த்தத் துண்டுகள் கூடியிருந்ததுதான் கதிர்வீச்சோடு நேராகப் பொருந்துகிற கண்டுபிடிப்பு.

கண்ணும் ஒரு சாட்சி. அப்பல்லோ 11இல் போன பஸ் ஓல்ட்ரின், இருட்டில் கண்ணை மூடியபோதும் ஒளிக்கீற்றுகள் தெரிந்ததாகச் சொன்னார். பின்னால் போனவர்களும் சொன்னார்கள். விண்கதிர் விழித்திரையைக் கடந்து போவதுதான் அது என்பதைச் சோதிக்க, அப்பல்லோ 16, 17 பயணங்களில் துணிக்கைத் தடம் பதியும் தகடுகள் பொருத்திய தலைக்கவசம் ஒன்றை அணிந்துகொண்டு கீற்றுகளை எண்ணினார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், கண்வில்லைக்கு 8 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெற்ற வீரர்களுக்குக் கண்புரை வரும் சாத்தியம் அதற்குக் குறைவாகப் பெற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மனித விண்வெளி வீரர்களிடமே நேராகக் காண முடிந்த மிகச் சில நோய்த் தொடர்புகளில் இது ஒன்று. மூளைக்கு என்ன ஆகும் என்பதற்கு எலிகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் 2003 முதல் இயங்கும் நாசா ஆய்வுகூடத்தில் வேகப்படுத்திய இரும்புக் கருக்களை எலிகள் மேல் செலுத்தி, நினைவாற்றல் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு வரம்பு போட வேண்டும். நாசா 2022 முதல் ஒரு வீரரின் முழு வேலைக்காலத்துக்கும் 600 மில்லிசீவர்ட் என்று வைத்திருக்கிறது. முன்பு வயதையும் ஆண் பெண் என்பதையும் பொறுத்து இது மாறியது, பெண்களுக்கும் இளையவர்களுக்கும் குறைவாக இருந்தது. அதனால் பெண்களுக்குப் பயண வாய்ப்பும் குறைந்தது. இப்போது 35 வயதுப் பெண்ணை வைத்துக் கணக்கிட்டு, எல்லோருக்கும் ஒரே எண்.

அந்த எண்ணைச் செவ்வாயோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கியூரியோசிட்டி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியில் அதன் கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் பதிந்தது. போக 180 நாள், வர 180 நாள் என்றால் வழியில் மட்டுமே 650 அளவுக்கு வந்துவிடும். அங்கே இறங்கி 500 நாள் தங்கினால், தரையில் அளந்த நாளொன்றுக்கு 0.64 என்ற கணக்கில் இன்னும் 320. மொத்தம் 1 சீவர்ட்டை நெருங்குகிறது. வரம்பை மீறியாகிவிட்டது. அலுமினியச் சுவரைத் தடிப்பாக்கினால் தீராது, கனமான கரு அதில் மோதி நியூத்திரன்களையும் துண்டுகளையும் உள்ளே சிதறவைக்கும். ஐதரசன் நிறைந்த பொருள்கள், அதாவது தண்ணீரும் பொலித்தீனும், அதைவிட நன்றாக உதவும். ஆனால் அவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே.

அந்தப் பயணத்தில் இரத்தப் பரிசோதனைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போது வீரர் இறங்கி வந்த பிறகு, பூமியில் உள்ள ஆய்வுகூடத்தில், பல நாள் வேலையாக அது நடக்கிறது. செவ்வாய்க்குப் போகிறவர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் திரும்ப மாட்டார்கள், நடுவில் இரத்த மாதிரியை அனுப்பிவைக்கவும் வழியில்லை. முதல் மாதத்தில் சேர்ந்த சேதத்தில் ஒரு பகுதி அதற்குள் இரத்தத்திலிருந்து மறைந்தும் போயிருக்கும். ஆகவே கலத்தை வளர்த்து, சாயம் ஏற்றி, படம் பிடித்து, தானே எண்ணிச் சொல்லும் சிறிய கருவி ஒன்று கப்பலுக்குள்ளேயே வேண்டும். கதிர்வீச்சால் அதுவும் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.